நேற்று இரவு இங்கே உறங்கியவர்கள்

செப்டம்பர் 18, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு வாளியும் ஒரு குடமும் பிடித்து வைத்தேன். தலைக்கு ஊற்றிக்கொள்ளத் துணிவில்லை. அடுத்து எப்போது வரும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

மலாவியின் தெற்குப் பகுதிக்கு வந்து மூன்று வாரமாகிறது. நன்றாகத் தூங்குகிறேன் என்று ஊரிலிருக்கும் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பொய்தான். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி, இடி, விமானம், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டிகள். மக்கள்தொகைப் புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், சாலையைக் கடக்க இன்னமும் யாராவது கையைப் பிடிக்க வேண்டும்.

"சிங்கம் பாத்தியாம்மா?" என்று மகள் முத்தரசி தினமும் போனில் கேட்கிறாள். சிங்கம் நிற்க இங்கே இடம் ஏது? வீட்டை ஒட்டி வீடு, சுவரை ஒட்டி மக்காச்சோளக் கொல்லை, கொல்லையை ஒட்டி அடுத்த வீட்டுக் கழிப்பறை. இந்தப் பக்கம் நிலம் பெண்களுக்குத்தான். அம்மா மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்க, அவர்கள் தங்கள் மகள்களுக்குப் பிரிக்க, இப்போது சிலருக்கு மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டு மொட்டை மாடி அளவுதான். எங்கே வண்டியை நிறுத்தினாலும் குழந்தைகள் கூடிவிடுகிறார்கள். இந்த நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்.

எங்கள் வேலை இவர்களைப் பற்றியதுதான். ஊருக்குச் சில வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம். எடுத்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஓர் எண் எழுதுகிறோம். பிறகு போய், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை தங்கின என்று கேட்கிறோம். கடைசியில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோகை இருக்கிறதா என்று பார்க்கிறோம். குலுக்கலில் வந்த வீட்டுக்குப் பதில் வேறு வீட்டுக்குப் போகக் கூடாது. அது என் விதி. அதில் நான் கறார்.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று ஒத்திகை. கேள்வி கேட்கும் எஸ்னாத் ஒரு செவிலி, முப்பது வயதிருக்கும், சிரித்தால் நிறுத்தமாட்டாள். நான் பதில் சொல்லும் பெண்ணாக உட்கார்ந்தேன். எத்தனை பிள்ளைகள் என்றாள். ஒன்று என்றேன். இறந்த பிள்ளை உண்டா என்பது அடுத்த கேள்வி. "அந்தக் கேள்வியக் குரல் தாழ்த்தாமக் கேக்கணும், எஸ்னாத்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். வெயில் அதிகம்.

எஸ்னாத்தும் டிரைவர் லாமெக்கும் பேசுவது ஆங்கிலமும் சிச்சேவா மொழியும் கலந்த பேச்சு. இந்த நோட்டில் எழுதும்போது அது கோவில்பட்டித் தமிழாகிவிடுகிறது. வேறு தமிழ் எனக்கு வராது.

மதியம் மலையடிவாரத்து ஊருக்குப் போனோம். அங்கே தலைவி ஒரு பெண்மணி. நங்கோமா என்று பெயர். இந்த நாட்டில் வாசலில் நின்று "ஓடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து "ஓடினி" என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். கொடுத்தோம், வந்தது. பாய் விரித்து உட்கார வைத்தார். குலுக்கலில் அவர் வீடே வந்திருந்தது.

ஏழு பெற்றவர். நான்கு உயிரோடிருக்கிறது. மற்ற மூன்றின் பெயரையும் கேட்க வேண்டும், வயதையும் கேட்க வேண்டும். எஸ்னாத் கேட்டாள். ஒவ்வொரு பெயரையும் அவர் நிதானமாக, வெளியே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். மூன்றாவது பெயருக்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க யாரு? எழுதாம என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காங்க?"

"இவங்கதான் எங்களுக்கெல்லாம் மேல, மாயி" என்றாள் எஸ்னாத். மாயி என்றால் அம்மா. பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என்னையும்.

"இவங்ககிட்ட இந்தக் கேள்வியெல்லாம் யாரு கேப்பா?"

எஸ்னாத் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

அவர் அழைத்தார். காலையில் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாராம். யார் பெயருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பால் பாக்கெட் விலை ஏறியதைப் பற்றிப் பேசினோம்.

பக்கத்து மாவட்டத்தில் ஒரு வதந்தி. அனாமபோப்பா வந்திருக்கிறார்களாம். ரத்தம் உறிஞ்சுகிறவர்கள். மனிதர்கள்தான், ஆனால் மந்திரம் தெரிந்தவர்கள், தூங்குகிறவர்களிடம் வருவார்கள், விற்பதற்காக ரத்தம் எடுப்பார்கள் என்கிறார்கள். லாமெக் தேவாலயத்தில் மூப்பர். "சில வருஷத்துக்கு ஒரு தடவ இப்படிக் கெளம்பும் மாயி. மழை வந்தா அடங்கிரும்" என்றார்.

மழைக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார்.

படுத்தபடி எங்கள் கேள்விகளை அவர்கள் காதால் கேட்டுப் பார்த்தேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? நேற்று இரவு இங்கே உறங்கியவர்கள் யார் யார்? எந்த அறையில்? கொசுவலை உண்டா? வலைக்குள் படுத்தது யார்? ஒருவரை இரண்டு வீட்டில் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நேற்றிரவு எங்கே உறங்கினார் என்று கேட்கிறோம். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் கன்னம் வைக்க வருகிறவனும் இதைத்தானே கேட்பான்? கேட்டு முடித்துக் கதவில் எண் போடுகிறோம். பிறகு ரத்தம் எடுக்கிறோம்.

எழுந்து கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஆயுத பூஜை. கடலைக்குப் பதில் இங்கே கிடைக்கும் சிவப்பு பீன்ஸில் சுண்டல் செய்தேன். தேங்காய் இல்லாத சுண்டல், சாப்பிடலாம்.

வெள்ளைப் பூசணி எங்கும் கிடைக்கவில்லை. சந்தையில் தேடி ஒரு பச்சைத்தோல் பரங்கிக்காய் வாங்கி வந்தேன். மேலே சதுரமாக வெட்டி, குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினேன். எங்கள் வெள்ளை வண்டியின் முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் பெரிதாக வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரத்துக்கு எங்கே போவது, ஒரு மெழுகுவத்தி.

"உங்க சபையில ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?" என்று லாமெக்கைக் கேட்டேன்.

"எல்லா டயரும் ஆண்டவரோடதுதான் மாயி. அவருக்கு ஒண்ணும் கோவம் வராது" என்றார்.

வாசலில் மூன்று முறை சுற்றி ஓங்கிப் போட்டு உடைத்தேன். நன்றாகச் சிதறியது. வண்டி முகப்பெல்லாம் சிவப்பு, சக்கரமெல்லாம் சிவப்பு, தெருப் புழுதியெல்லாம் சிவப்பு. லாமெக் அதன் மேலேயே வண்டியை ஏற்றி ஓட்டினார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கையசைத்தேன். யாரும் திருப்பி அசைக்கவில்லை.

படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "அங்கயுமா?" என்று மட்டும் பதில் வந்தது. நான் ஏறும் எந்த வண்டிக்கும் இதைச் செய்யாமல் விட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 2, திங்கள்

இன்று போன வீடுகளில் பாதி கதவைத் திறக்கவில்லை. எங்கள் சாக்பீஸ் எண்களைத் துடைத்திருக்கிறார்கள். சில கதவுகளில் தண்ணீர் விட்டுத் தேய்த்த ஈரம் காயவில்லை. இரவில் ஆண்கள் கூட்டமாக வெளியே படுக்கிறார்களாம். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் சுற்றுகிறார்களாம்.

திரும்பி வரும்போது எஸ்னாத் சிரிக்கவே இல்லை. லாமெக் டீசல் போட இறங்கியதும் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வண்டி சுத்துதுன்னு பேசிக்கிடுதாங்க மாயி. வெள்ளை வண்டி. அதுதான் குடிக்குதாம். குடிச்சதுக்கு அடையாளமா அதுக்கு மூக்குல செகப்பு இருக்காம்."

வெள்ளை வண்டி எத்தனையோ இருக்கிறது. எல்லாத் தொண்டு நிறுவனமும் வெள்ளை வண்டிதான் வைத்திருக்கிறது. சிவப்பு என்றால் பின்விளக்காக இருக்கலாம், ஏதாவது முத்திரையாக இருக்கலாம்.

வந்ததும் லாமெக்கிடம், "வண்டியக் கொஞ்சம் கழுவிருங்க, ரொம்பத் தூசியா இருக்கு" என்று சொன்னேன். எஸ்னாத் சொன்னதைச் சொல்லவில்லை. அவரை ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும்?

துவைத்த துணி காயவில்லை. ஈரத்தோடே மடித்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 4, புதன்

குழாயில் தண்ணீர் வராததால் லாமெக் நேற்று வண்டியை ஓடைக்குக் கொண்டுபோய்க் கழுவியிருக்கிறார். மலையடிவாரத்து ஊருக்குக் கீழே ஓடும் ஓடை. பெண்கள் துணி துவைக்கும் இடம். அதை இன்று காலைதான் சொன்னார்.

"முன்னாடி கிரில்லுல அந்தப் பொடி கட்டியாக் காஞ்சு கெடந்துச்சு மாயி. தண்ணி பட்டதும் கரைஞ்சு ஓடைக்குள்ள எறங்கிருச்சு. ஓடையே செகப்பா ஆயிருச்சு." முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "துவைச்சுட்டு இருந்த பொம்பளைங்க பாதித் துணியப் போட்டுட்டே ஓடிட்டாங்க."

"அது வெறும் குங்குமம்தானே" என்றேன்.

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "ஏன் திடீர்னு கழுவச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"தூசிதான்" என்றேன்.

தலைநகரத்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. நிலவரம் மோசமானால் வெள்ளிக்கிழமை எல்லாரையும் திரும்ப அழைத்துக்கொள்வார்களாம். நங்கோமாவின் ஊரில் இன்னும் இரண்டு வீடுகள்தான் பாக்கி. அவற்றை விட்டால் அந்த ஊரே கணக்கில் ஓட்டையாகிவிடும். பக்கத்து ஊரில் இரண்டு வீடு எடுத்துச் சமாளிக்கலாமே என்று எஸ்னாத் கேட்டாள். அப்படி மாற்றினால் பயந்த ஊர்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும், பயப்படாதவர்கள் மட்டும்தான் நாடு என்று ஆகிவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். சரியான விளக்கம்தான். இப்போது எழுதிப் பார்த்தாலும் தப்பு இல்லை.

அக்டோபர் 5, வியாழன்

லாமெக்கும் எஸ்னாத்தும் காலையில் கிளம்பினார்கள். எனக்கு மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

கூட்டத்தில் தேநீர் கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம்.

மாலை. இன்னும் வரவில்லை. லாமெக்கின் போனும் எஸ்னாத்தின் போனும் அணைந்திருக்கின்றன.

மலைப் பக்கம் புகை தெரிகிறது. இந்த மாதம் கொல்லைகளை எரிப்பார்கள். விதைப்புக்கு முன் எரிப்பது வழக்கம்தான்.

அரிசி களைந்து வைத்தேன், உலை வைக்கவில்லை. யாருக்கு?

போலீஸ் நிலையத்துக்குப் போய்வந்தேன். இரண்டே காவலர்கள். இருட்டியபின் அந்தப் பக்கம் போகமாட்டார்களாம்.

அக்டோபர் 6, வெள்ளி

எழுத்து கோணலாகத்தான் வரும்.

எஸ்னாத் காலையில் கரும்பு லாரியில் வந்து இறங்கினாள். ஒரு கால் செருப்பு இல்லை. அவள் ஒரு வீட்டுக்குள் விரல் குத்திக்கொண்டிருந்தபோது ஊர் எல்லையில் வண்டியைச் சூழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஓடையில் ரத்தம் கழுவிய வண்டி இதுதான் என்று பெண்கள் காட்டியிருக்கிறார்கள். வண்டியை எரித்துவிட்டார்கள். லாமெக்கை அடித்திருக்கிறார்கள். நங்கோமா நடுவில் புகுந்து அவரை இழுத்துப்போய்த் தன் வீட்டுக்குள் தள்ளி, வாசலில் தானே உட்கார்ந்துகொண்டாராம். எஸ்னாத்தை இன்னொரு பெண் பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"உயிரோடதான் இருக்காரா?" என்று நான் நாலைந்து தடவை கேட்டிருப்பேன்.

"இருக்காரு மாயி. தலைவி ஒரு சேதி சொல்லி விட்டுருக்காங்க. அந்தச் செகப்ப வச்சது யாரோ, அவங்களே வந்து சொல்லணுமாம். டிரைவர் சொன்னா யாரும் நம்பமாட்டேங்காங்க. பொழுது சாயுற வரைக்கும்தான் தன்னால ஆட்களப் பிடிச்சு வைக்க முடியுமாம்."

போலீஸ் நகரத்திலிருந்து ஆள் வந்தால்தான் போவோம் என்கிறது. ஆள் நாளைக்கு வருமாம். அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என்னை அழைத்துப்போக வண்டி கிளம்பிவிட்டதாம், அறையை விட்டு வெளியே வரவே கூடாதாம்.

அவருக்குப் போன் போட்டேன். "போகாத செம்பா. சொல்லுதேன் கேளு, போகாத" என்றார். மறுபடி, "நீயாவது இருக்கணும்" என்றார்.

இரண்டு முறை வாந்தி எடுத்தேன். நெற்றியில் பொட்டு இருப்பதை இப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். அதை எடுக்கக் கை போனது. எடுத்தால் ஒளித்ததாக ஆகும்.

குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டேன். எஸ்னாத் வாடகை சைக்கிள்காரர்கள் இருவரைப் பேசிப் பிடித்துவிட்டாள். கிளம்புகிறேன்.

அக்டோபர் 7, சனி

நகரத்து மருத்துவமனையின் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை விடாமல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

இங்கே சைக்கிளின் பின்சீட்டுதான் டாக்ஸி. வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். ஊருக்கு முன்னால் மரத்தை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். சைக்கிள்காரர்கள் அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அரிவாளும் தடியுமாக ஆட்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். இரவெல்லாம் தூங்காத முகங்கள். அவர்களும் பயந்துதான் போயிருந்தார்கள், அதனால்தான் எனக்கு இன்னும் அதிகப் பயம் வந்தது. கோபக்காரனிடம் கெஞ்சலாம். பயந்தவன் என்ன செய்வான் என்று சொல்லவே முடியாது.

வண்டி கரிக்கூடாக நின்றது. டயர் எரிந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

தலைவியின் முற்றம் நிறைய ஜனம். எஸ்னாத் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்து விளிம்பில் நின்று "ஓடி" என்றேன். மறுபடி சொன்னேன். நங்கோமா தன் வீட்டு வாசற்படியிலிருந்து எழாமல் "ஓடினி" என்றார்.

சிமிழைத் திறந்து காட்டினேன். கூட்டம் பின்வாங்கியது. இது மஞ்சளில் செய்த பொடி, எங்கள் ஊரில் பெண்கள் நெற்றியில் வைப்போம் என்றேன். எஸ்னாத் சொன்னாள். ஒருவன் அதைத் தின்னச் சொன்னான். விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன், மிச்சத்தை நாக்கில் வைத்து விழுங்கினேன். கசந்தது. பொம்பளை நெற்றியில் வைப்பது வண்டிக்கு எதற்கு என்று அவன் கேட்டான். பூஜை என்றேன். எஸ்னாத்துக்கு அதற்குச் சொல் கிடைக்கவில்லை, தடுமாறினாள். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு கல் என் தோளில் பட்டது.

நங்கோமா கையைத் தூக்கினார். பக்கத்தில் கிடந்த பாயைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். எங்கள் கேள்விகளை, நாங்கள் கேட்ட வரிசையிலேயே.

"உன் வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"நேத்து ராத்திரி அங்க தூங்குனது யாரு யாரு?"

"என் வீட்டுக்காரரும் மகளும்."

"எத்தனை பிள்ளை பெத்த?"

ஒன்று என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. எட்டு வருஷமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பள்ளியில், ரேஷன் கடையில், விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடம். வாசற்படிக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, லாமெக் இருமுவது கேட்டது.

"ரெண்டு" என்றேன்.

எஸ்னாத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மொழிபெயர்த்தாள்.

"உயிரோட இருக்கறது?"

"ஒண்ணு."

"போன பிள்ள பேரு என்ன?"

"கதிரேசன்."

நங்கோமா அதைத் தன் வாயில் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. எஸ்னாத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார், அவரும் திரும்பச் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் சிலரும் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு மலையடிவாரத்தில், என் பிள்ளையின் பெயரை முன்பின் தெரியாதவர்கள் சொன்னார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"எத்தனை வயசுல போனான்?"

"ஒன்பது."

"என்ன நோவு?"

"நோவு இல்ல" என்றேன். "வண்டி. ஸ்கூலுக்கு முன்னாடி. வெள்ளை வேன்."

அதற்குப் பிறகு நானாகவே பேசினேன், யாரும் கேட்கவில்லை. வண்டி ரத்தம் கேட்கும் என்று எங்கள் ஊரில் ஒரு எண்ணம். காயை அறுத்துச் சிவப்புத் தண்ணீர் ஊற்றி அதற்குக் கொடுப்போம். இதைக் குடித்துக்கொள், ஆளைக் குடிக்காதே என்று. அவன் போன பிறகு நான் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் கொடுக்கிறேன். இந்த வண்டிக்கும் கொடுத்தேன். உங்கள் பிள்ளைகள் நடக்கும் ரோட்டில்தானே அது ஓடுகிறது?

எஸ்னாத் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நங்கோமா என் பக்கம் குனிந்தார்.

"அப்படின்னா, வண்டி குடிக்கும்னு நீயும் நம்புத."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு சம்பிரதாயம், எங்கள் பண்பாடு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். கூட்டங்களில் அப்படித்தான் பேசுவேன்.

"நம்புதேன்" என்றேன்.

அவர் எழுந்தார். ஆண்களைப் பார்த்து ஏதோ சொன்னார், எஸ்னாத் அதை மொழிபெயர்க்கவில்லை. வாசற்படியை விட்டு விலகி நின்றார். உள்ளே போய் லாமெக்கைக் கூட்டி வந்தோம். ஒரு கண் மூடியிருந்தது. இடது கை தொங்கியது. ஒரே ஒருவன் மட்டும் தடியை ஓங்கினான். பக்கத்தில் நின்ற பெண் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். அவன் மனைவியாக இருக்கும்.

ஆளுக்கொரு பக்கம் லாமெக்கைத் தாங்கிக்கொண்டு வெட்டிப் போட்ட மரத்தைத் தாண்டினோம். என்னைத் தேடி வந்த அலுவலக வண்டி ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாங்கள்தான் நடந்து அதுவரை வந்தோம்.

அக்டோபர் 10, செவ்வாய்

லாமெக்குக்குக் கையில் அறுவை சிகிச்சை முடிந்தது. கண் பிழைத்துவிடும் என்கிறார்கள். அவர் மனைவி நான் வாங்கிப்போன பழங்களை மேசையில் வைத்தார், என்னை உட்காரச் சொல்லவில்லை.

லாமெக் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "வண்டியக் கழுவச் சொன்னது தூசிக்காகத்தானா மாயி?"

"இல்ல" என்றேன். எஸ்னாத் சொன்னதையும் நான் மறைத்ததையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஓடையில கழுவியிருக்கமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நங்கோமா ஆண்களிடம் என்ன சொன்னார் என்று எஸ்னாத்திடம் கேட்டேன். "நம்மளப் போலயே இவளும் பயந்து போயிருக்கா. வீட்டுக்கு அனுப்புங்கன்னாங்க" என்றாள்.

ஆய்வை நிறுத்திவிட்டார்கள். நங்கோமாவின் ஊரில் அந்த இரண்டு வீடுகள் வெறுமையாகவே இருக்கும். நான் வியாழக்கிழமை கிளம்புகிறேன். இரவில் தகர டப்பாச் சத்தம் கேட்பதுபோல இருக்கிறது, எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நகரத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அவர் அழைத்தார். தோளில் வலி எப்படி என்றார். பரவாயில்லை என்றேன். பிறகு சொன்னேன்.

"அங்க அவன் பேரச் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"ஊர் முழுக்க."

போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. முத்தரசி வந்தாள். அவன் போனபோது அவளுக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"அம்மா" என்றாள். "எனக்கும் ஒரு தடவ சொல்லும்மா."

சொன்னேன்.